யாருடைய பேச்சு முதலில் நிற்கும்?

எங்கள் அலுவலகத்தில் சர்வர் விழுந்தால் ஓர் அறிக்கை எழுதி இணையத்தில் போட வேண்டும். எப்போது விழுந்தது, ஏன் விழுந்தது, மறுபடி விழாமலிருக்க என்ன வழி, எல்லாம் எழுதலாம். மனிதர்களின் பெயரை மட்டும் எழுதக் கூடாது. 'ஒரு பொறியாளர்', 'ஓர் ஊழியர்' என்று முடித்துக்கொள்ள வேண்டும். பெயரைப் போட்டால் ஆட்கள் பயந்துபோய்த் தப்பை மறைப்பார்கள், மறைத்தால் தப்பு வளரும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொண்ட வழக்கம். நல்ல வழக்கம்தான். அப்படிப்பட்ட அறிக்கைகளை எழுதியே சம்பளம் வாங்குகிறவன் நான். ஒருவரையும் காட்டிக்கொடுத்ததில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அந்தச் சித்திரை மாத மதியம் நடந்ததையும் அப்படித்தான் எழுதி முடித்திருந்தேன்.

நிறுவனத்தின் பெயர் மறுகுரல். கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் இருக்கிறது. பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்கு நாங்கள் பேச்சு தருகிறோம். கழுத்தில் ஒரு பட்டி மாட்டிக்கொள்வார்கள். சொல்ல நினைப்பதை அது பிடித்து எங்கள் சர்வருக்கு அனுப்பும். சர்வர் அதை வார்த்தையாக்கித் திருப்பி அனுப்ப, பட்டியிலிருக்கும் சின்ன ஸ்பீக்கர் அவர்களுடைய பழைய குரலிலேயே பேசும். கேட்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. ஒவ்வொருவருக்கும் சர்வரில் தனி நிரல் ஓடுகிறது. அவர் பேசப் பேச அது அவருடைய பேச்சைக் கற்றுக்கொண்டு வளரும், பேச்சு குறைந்தால் இளைக்கும். வாயாடிகளின் நிரல் தொப்பை போட்டிருக்கும், அதிகம் பேசாதவர்களுடையது நோஞ்சானாக இருக்கும்.

அன்று மதியம் சர்வர்கள் இருக்கும் கூடத்தில் ஏ.சி. நின்றுபோனது. சூடு தாங்காமல் பாதி சர்வர்கள் தாங்களே அணைந்துகொண்டன. மீதிப் பாதி அத்தனை பேரையும் சுமந்தது. நினைவகம் போதவில்லை. ஒரே ஒருவரின் நிரலை நிறுத்தியதில் நிலைமை சமாளிக்கப்பட்டது. சில நிமிடங்களில் அவரும் திரும்பிவிட்டார். 'பாதிக்கப்பட்டவர் ஒருவர். ஒப்பந்த வரம்புக்குள்' என்று எழுதி, கேன்டீனுக்குப் போய் நிம்மதியாக ஒரு டீ குடித்தேன்.

அந்த ஒருவர் இரண்டு வாரம் கழித்து வரவேற்பறையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

பெயர் கலாமணி. வயது ஐம்பத்தைந்து இருக்கும். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருப்பவர். வலது கை விழுந்திருந்தது, காலை இழுத்துதான் நடந்தார். நெற்றியில் ஒன்றுமில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"ஏனுங்க தம்பி, அந்த ரிப்போர்ட்டு எழுதுனது நீங்கதானுங்களா?"

"ஆமாங்கம்மா."

"அதுல ஒருத்தருன்னு போட்டிருக்குதல்லங்க. அது நான்."

பிறகு அவர் சொன்னதைக் கேட்டபோது, அன்று நிம்மதியாகக் குடித்த டீ எனக்கு இப்போது கசந்தது.

மண்டிக்கு லோடு ஏற்ற லாரி வந்திருக்கிறது. பழைய லாரி, பின்பக்கம் பார்க்கும் கேமரா எல்லாம் கிடையாது. டிரைவருக்கு ஓரமாக நின்று வழி சொல்வது எப்போதும் கலாமணிதானாம். அவர் கணவர் சென்னியப்பன் லாரிக்குப் பின்னால் குனிந்து மூட்டையை ஒதுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

"வரட்டும், வரட்டும், வரட்டும்னேன். அடுத்தது நிறுத்துன்னு சொல்லோணும். சத்தமே வல்லீங்க. இடது கையில லாரியைத் தட்டுனேன். உள்ள பாட்டு ஓடிட்டு இருந்துச்சு. அவ்வளவுதானுங்க."

நான் தலை குனிந்துகொண்டேன்.

"அதோட முடிஞ்சிருந்தா பரவால்ல. ஆளுங்க கூடி அவரைத் தூக்கறாங்க. அப்பப் பாத்து என் கழுத்துல இருந்து 'நிறுத்து, நிறுத்து'ன்னு சத்தம் வருது. என் கொழுந்தனாரு என்ன சொன்னாரு தெரியுங்களா? கொன்னு போட்டு நடிக்கறான்னாரு. அன்னைக்குக் காலைல எங்க ரெண்டு பேருத்துக்கும் சண்டை. தெருவே கேட்டுச்சு. போலீசுல எழுதிக் குடுத்திருக்காங்க. வரட்டும்னு சொன்னவ வேணும்னேதான் நிறுத்துன்னு சொல்லலையாம். பெத்த புள்ளையே எம்மூஞ்சியப் பாக்கறதில்ல."

"நீங்க வேணும்னு செய்யலைங்கம்மா. பதில் கிடைக்காத வார்த்தையைப் பட்டி திரும்பத் திரும்ப அனுப்பும். சர்வர் எந்திரிச்சதும் அதுதான்..."

"அதைச் சொல்லுங்க எனக்கு." முதல்முறையாக அவர் குரல் உடைந்தது. எங்கள் சர்வர் அந்த உடைசலையும் துல்லியமாக அனுப்பியது. "வாதம் வந்ததுல இருந்து சில நேரம் வார்த்தை எனக்கே மறந்துருதுங்க. மண்டைக்குள்ள தேடுனாலும் கெடைக்காது. அன்னைக்கு வார்த்தை எனக்கு வல்லியா, இல்ல உங்க மிஷினு விட்டுருச்சா? நஷ்டஈடு கிஷ்டஈடு ஒண்ணும் எனக்கு வேண்டாம். இது ஒண்ணு மட்டும் தெரியோணும்."

"மிஷின்தானுங்க விட்டது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எப்படிங்க என்னைய மட்டும் விட்டுச்சு?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உடம்போடு சேர்ந்த சேவைகளெல்லாம் திறந்த மூல இயங்குதளத்தில்தான் ஓட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதாவது சர்வரை நடத்தும் அடிப்படை நிரல் ஒரு கம்பெனியின் சொத்தல்ல. ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி. யாரும் எட்டிப் பார்க்கலாம், யாரும் தூர்வாரலாம். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து எழுதியது. அதில் ஒரு விதி உண்டு. நினைவகம் தீர்ந்துபோனால் இருப்பதிலேயே பெரிய நிரலை நிறுத்து. சர்வர்கள் கடையும் போட்டோவும் மட்டும் நடத்திய காலத்தில் யாரோ எழுதியது. ஒன்று போனால் மற்றதெல்லாம் பிழைக்கும் என்ற கணக்கு.

"அப்ப அத்தன பேருலயும் நான்தான் பெரிய வாயாடிங்களா?"

"விதிப்படி அப்படித்தானுங்க."

"மண்டியில ஏலம் கேட்டுக் கேட்டுத் தடிச்ச வாயிங்க இது" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "செரி. இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. புள்ளைகிட்டக் காட்டோணும்."

தருகிறேன் என்று சொல்லிவிட்டு நேராக ராகவேந்தரிடம் போனேன். அவர் எங்கள் நிறுவனத்தின் தலைவர். நான் பயந்தபடி அவர் தடுக்கவில்லை. உற்சாகமாகிவிட்டார்.

"தாராளமா எழுதிக் குடுங்க முகில். நிறுத்துனது இயங்குதளம். அதை நாம எழுதலை, உலகமே எழுதுச்சு. யாரைப் புடிச்சு உள்ள போடுவாங்க? சட்டத்துக்காக மட்டுமா இதை வச்சிருக்கோம்? இதுக்குந்தான்."

அன்று மதியம் கேன்டீனில் சாப்பிடும்போது நிரஞ்சனியிடம் சொன்னேன். நிரஞ்சனி என் மனைவி. அதே அலுவலகத்தில் சர்வர் குழுவில் இருந்தாள். பாதியில் அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"அவங்கதான் பெருசுன்னு எழுதாதீங்க" என்றாள்.

"ஏன்?"

"அவங்க ரெண்டாவது."

"அப்ப முதல்ல இருக்கறது யாரு?"

"எங்கப்பா."

என் மாமனார் நாச்சிமுத்து கபடிப் போட்டிகளுக்கு மைக்கில் வர்ணனை சொன்னவர். சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் ஆட்டம் நடந்தாலும் அவர் குரல்தான். வாதம் வந்து வாய் கோணிப்போனபோது மூன்று மாதம் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். மறுகுரல் பட்டி மாட்டிய அன்று தொடங்கிய பேச்சு ஓயவில்லை. எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அது ஆட்டம்தான். 'மாப்ளே துண்டோட உள்ள போறாரு, ஹீட்டர் போட மறந்துட்டாரு, சத்தம் குடுக்கப் போறாரு, குடுத்துட்டாரு!' என்று குளியலறை வாசலில் நின்று வர்ணிப்பார். எரிச்சலாக இருக்கும். சிரிக்காமலும் இருக்க முடியாது.

"இயங்குதளத்துல ஒரு வசதி இருக்கு. ஒரு நிரல் மேல குறி போட்டுட்டா அந்த விதி அதைத் தாண்டிப் போயிரும். ஆளுங்க யாருக்கும் அதைப் போடக் கூடாதுன்னு நாமளே முடிவு பண்ணியிருக்கோம். அப்பாவுக்கு நான் போட்டேன்." அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மறுபடியும் அவரு சுவத்தைப் பாத்து உக்காந்தா என்னால தாங்க முடியாதுன்னு போட்டேனுங்க. அவ்வளவுதான் யோசிச்சேன். அவரைத் தாண்டுனா அடுத்து யாருன்னு நான் பாக்கவே இல்ல."

விதியை உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் யாருக்கு விலக்கு என்பது எங்கள் சர்வருக்குள் மட்டும் இருந்தது. அந்த இடைவெளியில்தான் என் மனைவி தன் அப்பாவை ஒளித்து வைத்திருந்தாள். அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன் என்று தோன்றியதும் அந்தக் கோபம் இரண்டு மடங்கானது.

"என்ன செய்யட்டும்?" என்றேன்.

"பேரைப் போடுங்க. 'ஒரு பொறியாளர்'னு போட்டு என்னைக் காப்பாத்தாதீங்க. அப்பா காதுக்கு மட்டும் போகாமப் பாத்துக்குங்க."

ராகவேந்தர் இரண்டாவது அறிக்கையைப் படித்ததும் கதவைச் சாத்தச் சொன்னார்.

"நம்ம வழக்கம் என்ன முகில்? பேரு எழுதறதில்ல. நீங்களே இதைப் புதுசா வந்த பசங்களுக்கு வகுப்பு எடுத்தவரு. உங்க சம்சாரத்துக்கே செய்வீங்களா?"

"ஒரு பொறியாளர்னு எழுதினா போலீஸ் நம்புமா சார்? அந்தம்மா பேரை மட்டும் ஈரோடே சொல்லுது. ஏச்சுப் பேச்செல்லாம் பேரோட வாங்கறது அவங்க. நமக்கு மட்டும் பேரே இல்லையா?"

"முதல்ல சொன்னதுல என்னங்க குறை? பெரிய நிரல், விதி நிறுத்திருச்சு. முடிஞ்சது."

"யாராவது ஒருத்தர் விதியைப் படிச்சுட்டு, எல்லாரோட நிரல் அளவையும் காட்டுன்னு கேட்டா?"

அவர் அறிக்கையை மறுபடி முதலிலிருந்து புரட்டினார். திறந்த மூலத்தில் இருக்கும் சங்கடம் அது. பழியைப் போடவும் வசதி, பொய் சொன்னால் மாட்டிக்கொள்ளவும் வசதி.

அறிக்கை வெளியே போனது. கலாமணி மேல் கொடுத்த புகாரை முடித்துவைத்தார்கள். நிரஞ்சனிக்கு வேலை போனது, விசாரணைக்கு நடையாய் நடந்தாள். கலாமணியிடம் நகலைக் கொடுக்க நாங்கள் இருவரும் ஈரோட்டுக்குப் போயிருந்தோம். மண்டி வாசலிலேயே நிற்க வைத்துப் படித்தார். கடைசிவரை படித்துவிட்டு நிரஞ்சனியை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்கப்பா பேரென்ன அம்மணி?"

"நாச்சிமுத்துங்க."

"நல்லா இருக்கறாரா?"

"இருக்கறாருங்க."

"எம்பட ஊட்டுக்காரரும் நல்லாத்தான் இருந்தாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வரும் வழியெல்லாம் நிரஞ்சனி அழுதாள். நான் தேற்றவில்லை. தேற்றுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

அத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு விபத்தின் கதை. செய்தித்தாள்கள் விதியைப் பிடித்துக்கொண்டன. 'அதிகம் பேசினால் முதலில் நிற்பது நீங்கள்' என்று போட்டார்கள். எல்லாக் குறிகளையும் நீக்கச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. விதியை மாற்றலாமே என்று எங்கள் கூட்டத்திலும் பேசினோம். பொதுக்கிணறுதானே, யார் வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் எப்படி மாற்றுவது? சீட்டுக் குலுக்கலாம் என்றார் ஒருவர். குலுக்கலில் கோர்ட்டில் சாட்சி சொல்லிக்கொண்டிருப்பவர் வந்தால்? வயதானவர்களை முதலில் நிறுத்தலாம் என்றார் இன்னொருவர், பிறகு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். கூடுதல் சந்தா கட்டுகிறவர்களைக் கடைசியில் நிறுத்தலாம் என்றார் ராகவேந்தர். அதையும் உலகம் படிக்கும் என்று ஞாபகம் வந்ததும் பேச்சை மாற்றினார். புதிய விதிக்கு ஒரு பரிந்துரை வைத்தால் அதைக் கிழிக்க உலகின் எந்த மூலையிலிருந்தோ நூறு பேர் வந்தார்கள். எல்லோருக்கும் நியாயமான காரணம் இருந்தது. அதனால் பழைய விதியே நின்றது.

மக்கள் பேச்சைக் குறைத்தார்கள்.

முதலில் எங்களுக்குப் புரியவில்லை. நினைவகத்தின் வரைபடம் வாரா வாரம் இறங்கியது. ராகவேந்தர் அதைச் சுவரில் ஒட்டி, புது சர்வர்களுக்குக் கொடுத்திருந்த ஆர்டரை ரத்து செய்தார். நான் சில வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டுப் பார்த்தேன். கேட்டதற்கு ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவுமில்லை. பொள்ளாச்சியில் ஒரு தாத்தா பேத்திக்குக் கதை சொல்வதை விட்டுவிட்டார். திருப்பூரில் ஒரு பெண் சண்டை போட வேண்டுமானால் பட்டியைக் கழற்றி வைத்துவிட்டுக் கையால் போடுகிறாளாம். பெரிய நிரலாக யாருக்கும் இருக்க விருப்பமில்லை. ஒருவரைவிட ஒருவர் குறைவாகப் பேசும் போட்டி அது. அதில் தோற்கிறவர் மட்டுமே பேச்சை இழக்க வேண்டும் என்று விதி, ஆனால் ஜெயித்தவர்களும் பேசவில்லை.

மாமாவின் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள முடியவில்லை. செய்தித்தாளில் அவர் பெயரே வந்திருந்தது. படித்தார், மடித்து வைத்தார். அன்றைக்கு நான் துண்டோடு குளிக்கப் போனபோது வாசலில் வர்ணனை இல்லை. மறுநாளும் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தூக்கிக் காட்டினார். நிரஞ்சனி போய் முன்னால் உட்கார்ந்து, "ஏதாச்சும் பேசுங்கப்பா, திட்டவாச்சும் திட்டுங்க" என்று கெஞ்சினால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். எதற்குப் பயந்து அவள் அந்தக் குறியைப் போட்டாளோ அது நடுவீட்டில் வந்து உட்கார்ந்திருந்தது.

பயமா, வெட்கமா என்று நான் ஒருநாள் நேராகவே கேட்டேன். இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார், இரண்டும்தான் என்பதுபோல.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கலாமணி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். தெருமுனையிலிருந்தே குரல் கேட்டது. 'லட்சுமி எலக்ட்ரிகல்ஸ், மோட்டார் ரீவைண்டிங் செய்யப்படும், இங்கு வண்டி நிறுத்தக் கூடாது, கதவு எண் பதினாலு, ரோஜாச் செடி, செருப்பு நாலு ஜோடி' என்று கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். புத்தி பிசகிவிட்டதோ என்று எனக்குப் பக்கென்றது.

"உள்ள வாங்கம்மா" என்றாள் நிரஞ்சனி.

உள்ளே வந்தார். மாமாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மாமா பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்கதானுங்களா அந்த நாச்சிமுத்து? எங்க ஊர் கோயில் நோம்பிக்குக் கபடி சொல்ல வந்திருக்கறீங்க. எங்கூட்டுக்காரரு கேட்டுட்டு வந்து அதே மாதரி சொல்லிக் காட்டுவாரு. இப்ப என்னமோ வாயைத் தெறக்கறதில்லையாமா. ஊருக்குள்ள பட்டி மாட்டுன எங்காளுக எல்லாரும் இப்படித்தான் இருக்கறாங்க. போன் பண்ணுனா உம்முங்கறாங்க. பாத்துட்டு எனக்குத் தாங்கலீங்க." அவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, இன்னைக்கு யாரு பெருசுன்னு உங்க மிஷினுல பாருங்க."

பார்த்தேன். கலாமணியின் நிரல் எல்லோருடையதையும் தாண்டி எங்கோ போயிருந்தது. அடுத்து இருந்தவரைவிட நான்கைந்து மடங்கு.

"நீங்கதாங்கம்மா. கிட்டக்கூட யாரும் இல்ல."

"எந்திரிச்சதுல இருந்து படுக்கற வரைக்கும் பேசிட்டே இருக்கறேன். பஸ்சு போர்டு, மஞ்ச வெலை, போஸ்டரு, எதையும் விடறதில்ல. பைத்தியம்னு சொல்றாங்க, சொல்லட்டும். இனி நின்னா என்னுதுதான் நிக்கும். மத்தவங்க தகிரியமாப் பேசலாம். அதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

"வேண்டாங்கம்மா" என்றாள் நிரஞ்சனி. "எங்களுக்காக நீங்க எதுக்குங்க..."

"உங்களுக்காக யாரு சொன்னா?" கலாமணியின் குரல் சுள்ளென்று விழுந்தது. "உன்னைய நான் மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத அம்மணி. அது இந்த சென்மத்துல ஆகாது. ஆனா அன்னைக்கு என் பேச்சு எந்த நேரத்துல நின்னுச்சோ, அதே மாதரி இன்னொருத்திக்கு நிக்கக் கூடாது. என்னுது நின்னா ஒண்ணும் கெட்டுப்போகாது. லாரிக்குப் பின்னால நிக்க எனக்கு இப்ப ஆளில்லையல்ல."

மாமாவின் கழுத்துப் பட்டியில் ஏதோ கரகரத்தது. இத்தனை மாதத்துக்குப் பிறகு வருவதால் குரல் தடுமாறியது.

"ஒரு வாய் காப்பியாச்சும்... குடிச்சுட்டுப் போங்க."

"உங்கூட்டுல பச்சத் தண்ணி குடிக்க மாட்டேனுங்க" என்றார் கலாமணி, மரியாதையாக. எழுந்து காலை இழுத்துக்கொண்டு படியிறங்கினார். "செருப்பு நாலு ஜோடி, ரோஜாச் செடி, கதவு எண் பதினாலு" என்ற குரல் தெருமுனை திரும்பும்வரை கேட்டது.

அவர் போன பிறகு மாமா வாய்விட்டு அழுதார். அன்று சாயங்காலம், "மாப்ளே போனை எங்கியோ வெச்சுட்டுத் தேடறாரு, அது சட்டைப் பையிலயே இருக்குது" என்றார். நிரஞ்சனி சமையலறையிலிருந்து ஓடிவந்து பார்த்தாள்.

மறுபடியும் சித்திரை வந்தது. மறுபடியும் அதே கூடத்தில் ஏ.சி. நின்றது. ரத்து செய்த சர்வர்கள் வரவில்லை, மக்கள் மட்டும் மெல்ல மெல்ல மறுபடி பேசத் தொடங்கியிருந்தார்கள். நினைவகம் தீர்ந்தது. திரையில் ஒரே ஒரு பெயர் சிவப்பானது. அந்த ஒன்றை நிறுத்தியதிலேயே எல்லாம் அடங்கிவிட்டது.

நான் அவருக்குப் போன் செய்தேன். எடுத்தார். பேச்சில்லை. பேருந்து இரைச்சலும் கண்டக்டரின் விசிலும் கேட்டன.

"கலாமணியம்மா, நான் முகில். நின்னுருச்சுங்க. கொஞ்ச நேரத்துல வந்துரும். பயப்படாதீங்க, நான் லைன்லயே இருக்கறேன்" என்றேன். அதற்கு மேல் என்ன பேசுவதென்று தெரியவில்லை. மேசையில் இருந்ததையெல்லாம் சொன்னேன். பேனா, தண்ணீர் பாட்டில், நிரஞ்சனியின் போட்டோ, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். எனக்குத் தெரிந்தவரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

பட்டி, விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. "...கவுண்டர் அன் சன்ஸ், ஜவுளி மொத்த வியாபாரம்."

பிறகு படிப்பதை நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டார்.

"தம்பி, வேற யாருக்காச்சும் நின்னுச்சுங்களா?"

"இல்லீங்கம்மா. உங்களுது மட்டுந்தான்."

"செரி" என்று சொல்லிவிட்டு, அடுத்த கடையின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தொடங்கினார்.